கால்வாய்க்காரர்கள்

ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர்களுக்கு இதில் பாதியை நான் விளக்க வேண்டியதில்லை. சாவியோடு வரும் பித்தளை வில்லை, அதில் கொத்தியிருக்கும் பிளாக் எண், சுவரில் ஓர் ஆணி அடிக்கவும் எழுதிக் கேட்க வேண்டிய ஏற்பாடு, நமக்கு முன்னால் அங்கே இருந்தவர்கள் கதவுக்குப் பின்னால் கரியால் கிழித்துவைத்த தங்கள் பிள்ளைகளின் உயரக் கோடுகள். இவற்றை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மீதிப் பாதி சுவருக்கு வெளியே நடந்தது. அதை நம்மில் பலர் பார்த்திருக்க மாட்டோம். பார்க்கக் கூடாது என்றுதான் சுவர் கட்டியிருந்தார்கள்.

இப்போது நான் கல்கத்தாவில், நியூ டவுனில் இருக்கிறேன். எப்போதாவது கார்டன் ரீச் பக்கம் போக வேண்டியிருந்தால் டாக்சி பெஹாலாவைச் சுற்றிக்கொண்டு போகும். நடுவில் ஓர் எல்லையைக் கடக்கிறோம் என்று ஓட்டுநருக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. எல்லாம் மாநகராட்சி, எல்லாம் வார்டு எண். என் சிறு வயதில் அங்கே இரண்டு ஊர்கள் இருந்தன. ஆற்றங்கரை ஊருக்கு ஒரு நகராட்சி, தெற்கு ஊருக்கு ஒரு நகராட்சி. குழாயில் தண்ணீர் வரும் நேரம் வேறு. கொசு மருந்து அடிக்க வரும் ஆளின் சட்டை நிறம் வேறு. இரண்டு ஊர்களின் காகிதங்களிலும் எல்லை என்று எழுதியிருந்தது ஒன்றே ஒன்று: நடுவில் ஓடிய கால்வாய்.

ஆனால் கால்வாய் இடம் மாறியிருந்தது. எங்கள் பெற்றோர் பிறப்பதற்கு முன்பே அது சேறு கட்டி, தெற்கே ஒதுங்கி, ஒரு சாக்கடை அளவுக்குச் சுருங்கிவிட்டது. அது விட்டுப்போன பழைய படுகை நீளமான ஒரு மண் திட்டாகக் கிடந்தது. ஆற்றங்கரை ஊர் தன் எல்லைக்கல்லைத் திட்டின் வடக்கு ஓரத்தில் நட்டிருந்தது. தெற்கு ஊர் தன்னுடையதைத் தெற்கு ஓரத்தில் நட்டிருந்தது. நடுவில் இருந்த திட்டை இரண்டு ஊர்களும் தங்களுடையது என்று சொல்லவில்லை. சொன்னால் விளக்குப் போட வேண்டும், குப்பை அள்ள வேண்டும்.

எங்கள் குவார்ட்டர்ஸின் பின்சுவர் வடக்குக் கல்லை ஒட்டி ஓடியது. அதில் செங்கல் பெயர்ந்து ஓர் ஓட்டை விழுந்திருந்தது. பெரியவர்கள் குனிந்தும் பிள்ளைகள் குனியாமலும் அதில் நுழையலாம். நுழைந்தால் திட்டு. திட்டில் வரிசையாகச் சில குடிசைகள். முதல் குடிசையில் காகுவும் காகிமாவும் அவர்கள் மகளும் இருந்தார்கள். சித்தப்பா, சித்தி என்று பொருள். வங்காளத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாருக்கும் ஏதாவது ஓர் உறவு உண்டு, அண்ணன் என்றால் தாதா, அண்ணி என்றால் பௌதி, அக்கா என்றால் தீதி. பெயர் தேவைப்படுவதில்லை.

காகு கப்பல் கட்டும் இடத்தில் ஒரு கான்ட்ராக்டரிடம் வேலை செய்தார். கப்பலின் அடிவயிற்றுத் துருவைச் சுரண்டிவிட்டுச் சிவப்புப் பெயின்ட் அடிக்கும் வேலை. அவர் நகங்கள் எப்போதும் செங்கல் நிறத்தில் இருக்கும். காகிமா பழைய செய்தித்தாளில் பொட்டலப் பை ஒட்டிக் கடைகளுக்குக் கொடுத்தாள். மைதாவில் கொஞ்சம் துத்தம் போட்டுக் காய்ச்சிய பசை. பூச்சி அரிக்காமல் இருக்கத் துத்தம். அந்தப் பசையின் வாடையும் கரியடுப்புப் புகையும் ஆகாயத்தாமரை அழுகும் நாற்றமும் கலந்த ஒன்றுதான் எனக்குக் கல்கத்தாவின் வாசனை. அச்சு மை ஒட்டி காகிமாவின் உள்ளங்கை கறுத்திருக்கும். வங்காள எழுத்துகளை நான் பள்ளியில் கற்கவில்லை, அந்தப் பைகளில் கற்றேன். பாதிச் செய்தியோடு மடிந்துபோகும் வாக்கியங்கள். மீதி அடுத்த பையில் இருக்கும், அது அதற்குள் கடைக்குப் போயிருக்கும்.

திட்டில் மின்சாரம் இல்லை. எங்கள் சுவர் மேல் ஒரு ரயில்வே விளக்கு இருந்தது. அது பாதி வெளிச்சத்தை எங்கள் முற்றத்துக்கும் பாதியை அவர்கள் வாசலுக்கும் போட்டது. சாயங்காலம் காகிமாவும் மகளும் அந்தப் பாதியில் உட்கார்ந்து பை ஒட்டுவார்கள்.

வாசல் என்று சொன்னேன். அந்தக் குடிசைக்கு இரண்டு வாசல்கள், வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று. எது முன்வாசல் என்பது யார் வருகிறார்கள் என்பதைப் பொறுத்தது. ஆற்றங்கரை நகராட்சியின் வரி ஆள் வடக்கிலிருந்து வந்தால் அவர் கண்ணில் படுவது பின்வாசலாக இருக்க வேண்டும்: அடுப்பு, சாம்பல், கழுவாத பாத்திரம். “நாங்க தெற்கு ஊர் தாதா, முன்வாசல் அந்தப் பக்கம்” என்பாள் காகிமா. தெற்கு ஊரின் ஆள் வந்தால் எல்லாம் திரும்பும். முன்வாசலுக்கு அடையாளம் துளசி. காகு பெயின்ட் டிரம்மை அறுத்துச் செய்த தொட்டி அது, இரண்டு பக்கமும் கயிற்றுப் பிடி. அதைத் தூக்கிக்கொண்டுபோய் மறு வாசலில் வைப்பது அவர்கள் மகளுக்கும் எனக்கும் வேலை. திட்டின் முனையிலிருந்து யாராவது “வடக்கு!” என்று கத்தினால் தெற்கு வாசலுக்கு ஓட வேண்டும். எங்களுக்கு அதைவிட நல்ல விளையாட்டு இருந்ததில்லை.

ஒருமுறை தெற்கு ஊரின் வரி ஆள் நாங்கள் தொட்டியை இழுத்த தடத்தைப் பார்த்துவிட்டார்.

“என்ன பௌதி, உங்க துளசிக்குக் கால் முளைச்சிருக்கு?”

“சூரியன் போற பக்கம் அதுவும் போகும் தாதா. செடிதானே.”

அவர் சிரித்துவிட்டு, காகிமா கொடுத்த ஒரு கை பொரியைத் தின்றபடி போய்விட்டார். அந்தச் சிரிப்பும் ஒரு நிர்வாக முறை என்பது பின்னால் பத்திரிகை வேலைக்குப் போன பிறகுதான் எனக்குப் புரிந்தது. இரண்டு ஊர்களுக்கும் திட்டு வேண்டாம். திட்டில் இருந்தவர்களுக்கும் இரண்டு ஊர்களும் வேண்டாம். ஊர்க் கணக்கில் ஏறினால் வரி. வரி வந்தால் நிலம் யாருடையது என்ற கேள்வி. கேள்வி வராமல் இருக்கும் வரை கூரை இருக்கும்.

அதற்கு ஒரு விலையும் இருந்தது. அதைக் கொடுத்தது அவர்கள் மகள். பள்ளியில் சேர்க்க விலாசம் கேட்டார்கள். வடக்குப் பள்ளி தெற்கே போகச் சொன்னது, தெற்குப் பள்ளி வடக்கே போகச் சொன்னது. வங்காளிப் பிள்ளைகளுக்கு வீட்டில் கூப்பிட ஒரு பெயர், பள்ளிக்கும் உலகத்துக்கும் ஒரு நல்ல பெயர் என்று இரண்டு உண்டு. அவளுடைய நல்ல பெயரை யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. கூப்பிட இடம் இல்லை.

அந்தக் கோடையில்தான் இரண்டு ஊர்களையும் கல்கத்தாவோடு சேர்க்கப்போகிறார்கள் என்ற செய்தி வந்தது. தெற்குக் கரையில் தெருக்காரர்கள் நடத்திய கிளப் அதற்குத் துணியில் பேனர் எழுதிக் கட்டியது. டீக்கடையில் தண்ணீர் பற்றிச் சண்டை நடந்தது. கல்கத்தாவின் தண்ணீர் இனிமேல் எங்கள் குழாயில் வரும் என்று ஒருவர். எங்கள் தண்ணீர் கல்கத்தாவுக்குப் போய்விடும் என்று இன்னொருவர். எல்லையே இல்லாமல் போனால் எந்தப் பக்கம் என்று யாரும் கேட்க மாட்டார்கள் என்று காகிமா முதலில் சந்தோஷப்பட்டாள். ஆனால் சேர்ப்பதற்கு முன்னால் ஒரு விசாரணை அதிகாரி வந்து, எல்லை ஓரத்து வீடுகள் ஒவ்வொன்றும் எந்த ஊரைச் சேர்ந்தது என்று கேட்டு எழுதுவார் என்றார்கள். எழுதப்பட்ட வீட்டுக்கு வார்டும் எண்ணும் வரும்.

தெற்குக் கரை ரேஷன் கடைக்காரர் திட்டுக்காரர்களைக் கூப்பிட்டுச் சொன்னார்: “எல்லாரும் ஒரே வார்த்தையா தெற்குன்னு சொல்லிடுங்க. துளசியைத் தெற்கு வாசல்ல ஊனிடுங்க. நம்பர் விழுந்துட்டா அப்புறம் யாராலயும் உங்களை அசைக்க முடியாது.” அவருக்கு அதில் ஒரு கணக்கு இருந்தது, அவ்வளவு ரேஷன் கார்டு கூடும். ஆனாலும் அது நல்ல யோசனை. கிளப் செயலாளருக்கு வேறு ஆசை. துர்கா பூஜைப் பந்தல் போட அவருக்கு அகலமான இடம் வேண்டியிருந்தது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எல்லார் காதிலும் விழும்படி சொல்வார்: “அது கால்வாய்யா. கால்வாயில மீன்தான் குடியிருக்கலாம்.”

காகு ரேஷன் கடைக்காரர் பக்கம். காகிமாவுக்குப் பயம். வரி ஆளிடம் பொய் சொல்வது வேறு, மேல் அதிகாரியிடம் சொல்வது வேறு என்று அவள் நினைத்தாள். அதனால் என் அப்பாவிடம் கேட்க வந்தாள். அப்பா ரயில்வேயில் டிராஃப்ட்ஸ்மேன், வரைபடம் தெரிந்தவர். வெளியூர்க்காரர், எந்தக் கட்சியும் கிடையாது. திட்டில் அவருக்கு ஆக வேண்டியது எதுவும் இல்லை. ஆலோசனை கேட்க இதைவிடத் தகுதியான ஆள் யார்?

அப்பாவுக்கு வங்காளம் கடைக்குப் போகும் அளவுக்குத்தான் வரும். பின்வராண்டாவில் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு என்னைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். காகிமா படியில் உட்கார்ந்தாள்.

“ஏட்டி, நான் சொல்லுதத அப்படியே சொல்லு. கூட்டாத, கொறைக்காத.”

சொன்னேன்.

“தெற்குன்னு சொன்னா நாளைக்கு அளந்து பாப்பாவ. ரெண்டு ஊரு காயிதத்துலயும் எல்ல கால்வாய்னுதான் இருக்கு. நீங்க இருக்கது பழைய கால்வாய். அளந்தா மாட்டுவீங்க. அதனால உண்மையச் சொல்லுங்க. கால்வாய் நெலம், சர்க்கார் நெலம்னு சொல்லுங்க. சர்க்கார் எடத்துல இருக்கவங்கள சர்க்கார் சும்மா வெளிய தள்ளாது. காலி பண்ணச் சொன்னா வேற எடம் ஒதுக்கித்தான் ஆவணும்.”

காகிமா முகம் மாறியது. “வேற வீடு தருவாங்களா தாதா? நிஜமாவா?”

“என்னைய எத்தன தடவ காலி பண்ணச் சொல்லிருக்கான்! கரக்பூர்ல, சக்ரதர்பூர்ல, ஆத்ரால. ஒரு தடவையாவது தெருவுல நின்னுருக்கனா? கேட்டுப் பாரு.”

அடுக்களை வாசலில் நின்ற அம்மா தமிழில் சொன்னாள்: “அவுக ரயில்வேயிலயா வேல பாக்காவ? உங்களப் போல நெனச்சுச் சொல்லாதீங்க.”

“சர்க்கார்னா சர்க்கார்தான். ரயில்வேக்கு ஒரு சட்டம், கால்வாய்க்கு ஒரு சட்டமா?”

“எனக்குச் சட்டம் தெரியாது. அவ பொம்பளப்பிள்ளைய வச்சிருக்கா.”

“தீதி என்ன சொல்றாங்க மா?” என்று காகிமா என்னைக் கேட்டாள்.

“கிச்சு நா, கிச்சு நா” என்றார் அப்பா. ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை. அந்த உரையாடலில் அவர் நேரடியாக வங்காளத்தில் சொன்னது அது ஒன்றுதான்.

அவரை எனக்குத் தெரியும் என்பதால் சொல்கிறேன், அதில் வஞ்சகம் இல்லை. சொந்தமாக ஒரு பிடி மண் இல்லாமல், ஒரு குவார்ட்டர்ஸிலிருந்து இன்னொரு குவார்ட்டர்ஸுக்கு மாறியே வாழ்ந்த மனிதர். அவர் அனுபவத்தில் காலி செய்யச் சொல்லும் காகிதமும் புது வீட்டை ஒதுக்கும் காகிதமும் ஒரே குண்டூசியில் வந்தன. அதை அவர் உலக நியதி என்று எடுத்துக்கொண்டார். சொந்த வீட்டுக்காரர் யாரும் இந்தத் தவறைச் செய்திருக்க மாட்டார். வீடே இல்லாதவரும் செய்திருக்க மாட்டார். நம்மைப் போன்ற குவார்ட்டர்ஸ்காரர்கள் மட்டுமே இப்படி நம்ப முடியும்.

நான் மொழிபெயர்த்ததில் பிழை இல்லை. அதைப் பலமுறை மனதுக்குள் திருப்பிப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு வார்த்தையும் சரி.

விசாரணை கிளப் பக்கத்துக் கிருஷ்ணசூடா மரத்தடியில் நடந்தது. மேஜையையும் டீயையும் கிளப் கொடுத்தது. பூ உதிர்ந்து மேஜை மேல் விழ, அதிகாரியின் உதவியாளர் அதைத் தட்டிவிட்டுக்கொண்டே இருந்தார். காகு வேலைக்குப் போயிருந்தார், ஒரு நாள் போகாவிட்டால் கான்ட்ராக்டர் வேறு ஆளை எடுத்துவிடுவார். கரையோரத்து வீடுகள் முடிந்து திட்டின் முறை வந்தபோது, முதல் குடிசை என்பதால் காகிமா முதலில் போனாள். வெளுத்த நல்ல புடவை, தலையில் முந்தானை. நானும் அவள் மகளும் மரத்தின் வேரில் உட்கார்ந்திருந்தோம்.

“எந்த ஊர்?” என்றார் அதிகாரி, தலை நிமிராமல்.

“கால்வாய் நெலம் சார். சர்க்கார் நெலம்.”

அவர் நிமிர்ந்தார். காலையிலிருந்து எல்லாரும் வடக்கு அல்லது தெற்கு என்று சொல்லக் கேட்டுப் பழகிய காது. “யார் சொல்லிக்கொடுத்தது?”

“உண்மையைத்தானே சொல்றேன்.”

செயலாளர் டீக் கோப்பையைக் கீழே வைத்தார். “எழுதிக்குங்க சார். அவங்க வாயாலேயே சொல்லிட்டாங்க.”

அவர் குரலில் இருந்த வியப்பு எனக்கு இன்றும் கேட்கிறது. பல வருடம் சண்டை போட்டுப் பெற வேண்டியது என்று அவர் நினைத்திருந்ததை ஒருத்தி நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்து கொடுத்துவிட்டுப் போகிறாள். அடுத்த குடிசைக் கிழவர் “தெற்கு” என்றார், ரேஷன் கடைக்காரர் சொன்னபடி.

“உங்களை ஒட்டின வீடு கால்வாயாம். நீங்க மட்டும் எப்படித் தெற்கு?” என்றார் அதிகாரி.

கிழவர் காகிமாவைப் பார்த்தார். அவரையும் கால்வாய் என்று எழுதினார்கள். திட்டு முழுக்க அப்படியே எழுதப்பட்டது.

அன்று சாயங்காலம் செயலாளர், யோசனை யாருடையது என்று விசாரித்துக்கொண்டு, எங்கள் வீட்டுக்கு ஒரு பெட்டி சந்தேஷ் இனிப்பு கொண்டுவந்தார். “பெரிய உபகாரம் தாதா. எத்தனை வருஷத் தகராறு, ஒரே வார்த்தையில முடிஞ்சுபோச்சு.” அப்பா கூச்சப்பட்டார். உண்மையைச் சொன்னால் எதுவும் சுலபம்தான் என்று இந்தியில் சொன்னார். அவருக்கு அது நல்ல நாள். அலுவலகத்தில் மற்றவர்கள் கணக்குப் போட்ட பாலங்களுக்குக் கோடு இழுப்பவர். வெளியே ஒரு விஷயம் அவர் சொன்னபடி நடந்தது அதுதான் முதல் தடவை. அம்மா பெட்டியைத் தொடவில்லை. அப்பா ஒன்று எடுத்தார், எனக்கும் ஒன்று கொடுத்தார். பால் லேசாக அடிப்பிடித்த வாசனை.

மழைக்காலம் முடிகிறபோது ஆட்கள் வந்து குடிசைச் சுவர்களில் இடிப்பதற்கு அடையாளமாகத் தாரால் பெருக்கல் குறி போட்டார்கள். திட்டில் எல்லாரும் பதறினார்கள். அப்பா மட்டும் நிதானமாக இருந்தார். “இனி அலாட்மென்ட் வரும்” என்றார். வரவில்லை. ஒரு நாள் அரை லீவு போட்டுக் காகுவைக் கூட்டிக்கொண்டு கால்வாய்க்குப் பொறுப்பான இலாகாவின் அலுவலகத்துக்குப் போனார். மொழிபெயர்க்க நானும் போனேன்.

“இவருக்கு மாற்று இடம் எப்போ ஒதுக்குவீங்கன்னு எங்க அப்பா கேக்கறார்” என்றேன் குமாஸ்தாவிடம்.

“இவர் எங்க ஸ்டாஃபா?”

“இல்ல. கால்வாய் நெலத்துல இருக்கார்.”

குமாஸ்தா பேனாவை மூடினார். அப்பாவை மேலும் கீழும் பார்த்தார். “நீங்க குவார்ட்டர்ஸா தாதா?”

அது அப்பாவுக்கே புரிந்தது. தலையாட்டினார்.

“அதான். குவார்ட்டர்ஸ்காரருக்குக் குவார்ட்டர்ஸ். கால்வாய்க்காரருக்குக் கால்வாய். அதையும் இப்போ தூர்வாரப்போறோம்.”

பக்கத்து மேஜைக்காரர் சிரித்தார். பிறகு காகுவும் சிரித்தார். அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. அப்பா அசையாமல் நின்று, இதை எழுத்தில் தரச் சொல் என்றார். நான் சொல்லவில்லை, காகு என் தோளைப் பிடித்து வெளியே திருப்பிவிட்டார். திரும்பும் பஸ்ஸில் எனக்குக் கடலை வாங்கிக் கொடுத்தார். “உங்க அப்பாகிட்ட சொல்லு, எங்களுக்குக் கோபம் இல்லைன்னு. படிச்சவர் சொன்னார், கேட்டோம்.” சொன்னேன். அப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

இடிக்கப்போகிற வாரத்தில் காகிமா ஓட்டை வழியாக வந்து அம்மாவிடம் கேட்டாள். பூஜை முடியும் வரை உங்கள் பின்வராண்டாவில் படுத்துக்கொள்கிறோம் தீதி, அதற்குள் அவர் எங்காவது இடம் பார்த்துவிடுவார். அம்மா அப்பாவிடம் சொன்னாள்.

“வெளி ஆள வச்சா சப்லெட்டு, உள்வாடகைன்னு எவனாவது எழுதிப் போட்டுருவான். நம்ம குவார்ட்டர்ஸே போயிரும். பொறவு நாம எங்க போவோம்?”

“அதான் அலாட்மென்ட் வரும்லா” என்றாள் அம்மா.

அதற்கும் அப்பா இசையவில்லை. அம்மா அவரோடு அதன் பிறகு நெடுநாள் தேவைக்கு மேல் பேசவில்லை. நான் அதைத் தலைவலி என்று நினைத்தேன்.

இடிக்க வந்தவர்கள் கடப்பாரையோடு வந்தார்கள். காகிமா அவர்களைத் தொட விடவில்லை, மூங்கிலை அவளே ஒவ்வொன்றாக உருவினாள். மறுபடி பயன்படும். பிறகு எங்கள் பின்சுவரின் வெளிப்பக்கத்தில் தார்ப்பாயைச் சாய்த்துக் கட்டி மூன்று பேரும் இருந்தார்கள். அந்தச் சுவரின் உள்பக்கத்தில்தான் எங்கள் வராண்டா. மழை முடிந்தது என்று நினைத்தது தவறு. ஒட்டிவைத்த பைகளெல்லாம் நனைந்து மறுபடி கூழாயின. அம்மா ஓட்டை வழியாகச் சோறும் ரசமும் நீட்டினாள். காகிமா வாங்கிக்கொண்டாள், பாத்திரத்தைக் கழுவித் திருப்பிக் கொடுத்தாள், பேசவில்லை.

மகள்தான் பேசினாள். ஓட்டைக்கு அந்தப் பக்கம் குந்தியிருந்தாள்.

“உங்க வீட்டுல எத்தனை ரூம்?”

“ரெண்டு. அப்புறம் வராண்டா.”

“வராண்டாவுல யார் படுப்பாங்க?”

“யாரும் இல்ல.”

அவள் புரிந்ததுபோலத் தலையாட்டினாள். கேலி இல்லை. ஒரு தகவலைக் கேட்டாள், கிடைத்தது.

நான் பள்ளிக்குப் போயிருந்த ஒரு பகலில் அவர்கள் போய்விட்டார்கள். சாமான்களைச் சைக்கிள் வேனில் ஏற்றிக்கொண்டு கேனிங் ரயில் பாதைப் பக்கம் போனதாக ரேஷன் கடைக்காரர் சொன்னார். அந்த வாரமே ரயில்வே கொத்தனார் வந்து ஓட்டையை அடைத்தார். புதுச் செங்கல் மட்டும் சிவப்பாகத் தெரிந்தது.

அந்த ஆண்டு பூஜைப் பந்தல் திட்டில்தான். எங்கள் பின்வராண்டாவுக்கு நேர் எதிரே வண்ண பல்புகளால் ஒரு மயில், தோகையை விரிப்பதும் மூடுவதுமாக. நாள் முழுவதும் டாக் மேளம். அம்மா ஜன்னலைச் சாத்திவைத்தாள். தூர்வார யாரும் வரவில்லை. பந்தல் போட்ட இடம் கிளப் மைதானமாகி, மைதானத்துக்கு வேலி வந்து, சில வருடங்களில் வேலிக்குள் ஓர் அடுக்குமாடி எழுந்தது. செயலாளர் அதற்குள் கட்டட வேலைக்கு மாறியிருந்தார். கால்வாய் எப்படி மனையானது என்று பத்திரிகையில் சேர்ந்த பிறகு விசாரித்தேன். வார்டு எல்லையை மறுபடி வரைந்தபோது அந்த இடம் தெற்கு வார்டுக்குள் வந்துவிட்டது என்றார்கள். தெற்கு. ரேஷன் கடைக்காரர் சொல்லச் சொன்ன அதே பதில். யார் சொல்கிறார்கள் என்பது மட்டும் மாறியிருந்தது. நான் எழுதிய செய்தி நகரப் பக்கத்தின் மூலையில் சின்னதாக வந்தது. அதற்கு மறுப்புக்கூட வரவில்லை.

அப்பா ஓய்வு பெற்றபோது காலி செய்யச் சொல்லும் காகிதம் தனியாக வந்தது. அவர் அதை மேஜையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும், அந்த வாரம் நான் வீட்டில் இருந்தேன். விஷயம் கேள்விப்பட்டுச் செயலாளர் வந்தார். தலை நரைத்திருந்தது, மரியாதை குறையவில்லை. “உங்களுக்குன்னா எந்த மாடி வேணுமோ நீங்களே சொல்லுங்க தாதா. இந்த இடத்துக்கு நீங்க செஞ்சதை நான் மறக்கல.”

அப்பா அம்மாவைப் பார்த்தார். “எல்லாம் சட்டப்படிதான கட்டிருக்கான்” என்றார் மெதுவாக.

“காகிமாவுக்கு ஒரு எடம் வாங்கிக் குடுத்துட்டு வாங்க. பொறவு நான் வாரேன்” என்றாள் அம்மா.

செயலாளருக்கு அதை யாரும் மொழிபெயர்க்கவில்லை. அப்பாவும் அம்மாவும் பாளையங்கோட்டையில் ஒரு வாடகை வீட்டுக்குப் போனார்கள். வீட்டுக்காரர் எப்போது வேண்டுமானாலும் காலி செய்யச் சொல்லலாம் என்ற பயத்திலேயே அப்பா கடைசி வருடங்களைக் கழித்தார். ஒவ்வொரு மாதமும் வாடகையைத் தேதிக்கு முன்னால் கொடுப்பார். சுவரில் ஓர் ஆணி அடிக்கவில்லை.

அந்த நாட்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் எனக்குப் போன் செய்தார். வழக்கமாக அம்மாதான் செய்வாள்.

“நீ பேப்பர்லதான இருக்க. ஒரு விளம்பரம் போட முடியுமா?”

“என்ன விளம்பரம்?”

“அவுகளத் தேடித்தான். அந்தக் கேனிங் பக்கம் போனாவள்லா.”

பெயர் வேண்டும் என்றேன். அவர் யோசித்தார். பிறகு ரிசீவரை நகர்த்தி அம்மாவிடம் கேட்பது கேட்டது. “காகிமா பேரு என்னளா?” அம்மாவுக்குத் தெரியவில்லை. காகுவின் பெயரும் தெரியவில்லை. மகளை வீட்டில் கூப்பிட்ட பெயர் எங்கள் மூவருக்கும் தெரியும். வங்காளத்தில் தெருவுக்குத் தெரு அந்தப் பெயரில் ஒரு பெண் உண்டு.

“பேர் இல்லன்னா கடைசியா இருந்த விலாசம்னு ஒண்ணு போடுவாவள்லா. அதப் போட்டுத் தேடச் சொல்லு.”

விளம்பரப் பிரிவின் தாள் என் மேஜையில்தான் இருந்தது. பேனாவை எடுத்துக்கொண்டு, விலாசம் என்ன எழுதட்டும், வடக்கா தெற்கா என்று கேட்டேன்.

அப்பா போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டார். பாளையங்கோட்டையில் இன்னும் மழை இல்லை என்றாள் அம்மா.